செக்ஸ்டன்ற்: பாக்குநீரிணையில் மைல் எங்கே பிழைக்குது?

வல்வையான்:
செக்ஸ்டன்ற் எண்டது சூரியனோ நட்சத்திரமோ அடிவானத்துக்கு மேலே எத்தனை பாகையில் நிற்குது எண்டு அளந்து கடலில் இடம் பிடிக்கிற கருவி. அதின்ர மைக்ரோமீற்றர் உருளை 0.2 கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை) வரை காட்டும். ஒரு கலை ஒரு கடல்மைல் எண்டதால 400 மீற்றருக்குள்ள இடம் பிடிக்கலாம் எண்டு கணக்குப் போடாதேங்கோ. ஆடுகிற வள்ளத்தில் 2, 3 மைலுக்குள் வந்தாலே நல்ல அளவை. 1938இல் வல்வெட்டித்துறைக் கப்பல் அன்னபூரணி அத்திலாந்திக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் போன மாதிரிப் பயணத்தில் 5 மைல் பெரிய விசயமில்லை. இங்கே 5 மைலில் இந்திய-இலங்கை எல்லைக்கோடே தாண்டிவிடும்.

இங்கத்தைப் பிழையில் பெரும்பங்கு அடிவானத்தில்தான். கண் நீர்மட்டத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில் இருந்தால் தாழ்வுத் திருத்தம் (கண் உயரத்தால் அடிவானம் கீழே இறங்கித் தெரியிறதுக்காக வாசிப்பில் கழிக்கிறது) 1.76 × √4, அதாவது 3.5 கலை. அடிவானம் நாலு மைலுக்குச் சற்று அப்பால். நெடுந்தீவுப் பக்கம் ஒரு மைலில் கரை நிற்க, கரையும் தண்ணியும் சேருகிற கோட்டில் சூரியனை இருத்தினால் உண்மைத் தாழ்வு 7.8 கலை. வாசிப்பில் 3.5ஐ மட்டும் கழித்தால் சூரியன் நிற்கிற திசைக்கு 4 மைல் தள்ளி இடம் விழும். எத்தனை தரம் எடுத்தாலும் வாசிப்புகள் ஒத்துப்போகும். சந்தேகமே வராது, அதுதான் வில்லங்கம். கரை மறைக்காத திசையில் மட்டும் எடுங்கோ.

வாடைக்காத்து:
சரி அண்ணை, ஆனா கருவியையும் சும்மா விடேலாது. கருவியில் நேரே தெரியிறதும் கண்ணாடியில் தெரியிறதுமான சூரியனின் இரண்டு பிம்பங்களையும் விளிம்போடு விளிம்பு முட்டவையுங்கோ, மேலே ஒருக்கா, கீழே ஒருக்கா. அளவு வில்லில் சுழியத்துக்கு உள்ளே 33.4 கலை, வெளியே 30.6 எண்டு வைப்பம். கூட்டி நாலால் பிரித்தால் 16.0. அல்மனக்கில் (கடலோடிகளின் வருடாந்த வான் அட்டவணை) சூரியனின் அன்றைய அரைவிட்டமும் அதுவெண்டால் வாசிப்பு சரி. வித்தியாசத்தில் பாதி, 1.4, இன்டெக்ஸ் பிழை, அதாவது கருவியின் சுழியம் தள்ளி நிற்கிற அளவு. உள்ளே கூடினால் கழி, வெளியே கூடினால் கூட்டு. கன பேர் சறுக்கிறது வெளி வாசிப்பில்: உருளை 29.4 காட்டும், அதை 60இலிருந்து கழித்தால்தான் 30.6.

திருகை எப்பவும் ஒரே பக்கமாகச் சுழற்றி முடியுங்கோ; பல்லின் தளர்வு கலைக்கணக்கில் தின்னும். பிளாஸ்ரிக் கருவியெண்டால் வெயிலில் பிழை மாறும், ஒவ்வொரு வாசிப்புத் தொகுதிக்கும் முன்னும் பின்னும் பாருங்கோ.

துறைமுகத்தடி:
சித்திரை வருசப்பிறப்பை ஒட்டியும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் எங்கட உச்சிக்கு வந்திடும். செக்ஸ்டன்றை ஊசலாட்டினால் சூரியன் அடிவானம் முழுக்க உரசிக்கொண்டு போகும். இடவட்டத்தின் சிறு துண்டை நேர்கோடாகக் கீறுகிற வழமையான முறை அந்த நேரம் சரிவராது. ஏற்றம் (அடிவானத்திலிருந்து உயரம்) 88 பாகை 40 கலை எண்டால் உச்சித்தூரம், அதாவது 90 பாகைக்குக் குறையிறது, 80 கலை. சூரியன் நேர்மேலே நிற்கும் புள்ளியை வரைபடத்தில் குறித்து, 80 மைல் ஆரையில் வட்டமே கீறலாம். அந்தப் புள்ளி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை மேற்கே ஓடும், அதனால சில நிமிட இடைவெளியில் மூன்று வட்டம் கீறினால் போதும், அவை வெட்டுகிற இடம்தான் வள்ளம்.

காலை, பின்னேர வாசிப்பில் மணிக்கூடு 4 செக்கன் பிழைத்தால் நெட்டாங்கில் ஒரு கலை போச்சு.

வல்வையான்:
துருவ நட்சத்திரத்தை நம்பி இருக்காதேங்கோ தம்பி. இங்கே அது 10 பாகை உயரத்தில்தான். ஒளிமுறிவு மட்டும் 5.3 கலை, அதோட மூடுபனிப் புகார். அடிவானம் தெரியிற அந்தி நேரமும் கொஞ்சம்தான், அதை 30 பாகைக்கு மேலே நிற்கிற நட்சத்திரங்களுக்குச் செலவழியுங்கோ.