பொருள்: ‘புலமைச் சொத்து’ சரியான சொல்லா? வெள்ளிக்குள் வேண்டும்

ஆசிரியை, கோண்டாவில்:
வணக்கம். உயர்தர மாணவருக்கு மென்பொருள் உரிமம் பற்றி நாலு பக்கப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளி காலை அச்சுக்குப் போகவேண்டும். ‘இன்டலெக்சுவல் புரொப்பட்டி’ என்பதற்கு இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளபடி ‘புலமைச் சொத்து’ என்று போட்டேன். நேற்று ஒரு பெடியன் பென்ட்ரைவைத் தூக்கிக் காட்டி, “ரீச்சர், அவன்ர புரோகிராமை நான் கொப்பி பண்ணினா அவனிட்டயும் இருக்கு, என்னட்டயும் இருக்கு. எப்பிடிக் களவாகும்?” என்று கேட்டான். முழித்தேன். வேறு சொல் உண்டா?

நிரலாளர், திருநெல்வேலி:
பெடியன் கேட்டது நியாயம் ரீச்சர், சொல்லில்தான் கோளாறு. பதிப்புரிமை (கொப்பிரைட்), ஆக்கவுரிமை (பேற்றன்ட்), வியாபாரக் குறி (ட்ரேட்மார்க்) மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறது. முதலாவது, ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை நிற்கும், இரண்டாவது 20 ஆண்டு, மூன்றாவதைப் பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெடியன் செய்தது முதலாவதுக்குள் மட்டும்தான் வரும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் இந்தச் சொல்லையே விடச்சொல்வது இதனால்தான்.

இளைப்பாறிய நொத்தாரிசு, வட்டுக்கோட்டை:
சொத்து என்றால் என்னவென்று காணி உறுதி எழுதிய கைக்குத் தெரியும். “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்” என்று எத்தனை எழுதியிருப்பேன்! ஒருவர் முறை தப்பி இறைத்தால் மற்றவரின் வாழை வாடும், வழக்கு வரும். நிரல், அதுதான் புரோகிராம், இறைக்க இறைக்க வற்றாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் உழைத்தவனுக்கு ஒன்றும் இல்லையா? ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசொம், சீதனம், கலியாணத்துக்குப் பின் தேடிய தேடியதேட்டம் என்று இருக்கிறது. ‘அறிவுத்தேட்டம்’ என்று வையுங்கள்.

பண்டிதர், கோப்பாய்:
தேட்டம் நன்று. தேடு என்னும் வினையடி, நல்ல தமிழ். சொத்து ‘ஸ்வத்வ’த்தின் திரிபு என்பர். களவு என்பதும் பிழை. களவியலில் களவு ஊரறியாமல் தலைவனும் தலைவியும் கூடுவது. வகுப்பறையில் தூக்கிக் காட்டியதைக் களவென்பது எப்படி? இன்னொன்று, தொல்காப்பிய மரபியல், முதல்நூலைத் தழுவி எழும் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. ஒருவர் நிரலை மற்றவர் திருத்தி ஆக்குவதை ‘வழிநிரல்’ எனலாமே.

நிரலாளர்:
வழிநிரல் அருமை ஐயா! 1989இல் வந்த குனூ பொது உரிமம் (GPL) என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் கருவே அதுதான்: வழிநிரலைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில், மூலநிரலோடு (சோர்ஸ் கோட்) கொடு. வேடிக்கை என்னவென்றால், பதிப்புரிமை இல்லாவிட்டால் அந்த நிபந்தனையே நிற்காது. அதனால் உரிமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொத்து என்ற பெயர்தான் உறுத்துகிறது. தேட்டமும் வேண்டாம் ஐயா. தேடியதேட்டத்தில் மனைவிக்குப் பாதி, என் வீட்டில் இந்த மடலைக் காட்டமுடியாது.

மொழிபெயர்ப்பாளர், கொழும்பு:
சட்டத்தில் இருக்கிற சொல்தான் வினாத்தாளில் வரும். ‘அறிவுத்தேட்டம்’ என்று எழுதுகிற பிள்ளைக்கு யார் புள்ளி போடுவது? தமிழ்நாட்டாரின் ‘அறிவுசார் சொத்துரிமை’யையும் அடைப்புக்குள் போடுங்கள், தேடிப் படிக்க உதவும்.

ஆசிரியை:
சரி. தலைப்பில் புலமைச் சொத்து, உள்ளே மூன்று உரிமையும் தனித்தனியாக, வழிநிரல் ஒரு பெட்டியில். ‘கள்ளக் கொப்பி’யை ‘அனுமதியில்லாப் பிரதி’ ஆக்கிவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. பெடியனுக்குத் திங்கள் பதில் சொல்லவேண்டும்.

நொத்தாரிசு:
என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளவும். தேட்டம்தான்.

பண்டிதர்:
‘பிரதி’ வடசொல். நம்மூரில் ‘பகர்ப்பு’ இருக்கிறதே. அச்சகத்தாரின் தொலைபேசி இலக்கம் யாரிடமாவது உண்டா?