சங்கத்துச் சேர்வர் விழுந்துபோச்சு: இனிக் கணக்கை எங்க வைக்கிறது?

ஐப்பசிமழை:
கிளிநொச்சிப் பக்கம் ஒரு சின்னக் கடன் சங்கத்தில கணக்குப் பார்க்கிறன். போன மாதம் ஒரு பின்னேரம் இடி முழக்கத்தோட கரண்ட் போச்சு. ரெண்டு மணித்தியாலத்தால வந்து வெட்டி வெட்டி எரிஞ்சுது. சேர்வர் எண்டு நாங்கள் சொல்லுறது மேசைக்குக் கீழ நிக்கிற ஒரு கொம்பியூட்டர்தான். கரண்ட் போனாக் கொஞ்ச நேரம் தாங்கிற யூபிஎஸ் பற்றரி எப்பவோ செத்துப்போச்சு, ஒருத்தரும் பார்க்கேல்ல. உள்ளுக்க ரெண்டு டிஸ்க், ஒண்டில எழுதிறது மற்றதிலயும் விழும். பக்கப் எண்டு ஒரு வெளி டிஸ்க், அது எந்த நேரமும் யூஎஸ்பியில கொழுவினபடி. மூண்டும் ஒண்டாப் போச்சு. மிஞ்சினது ஆவணியில ஆரோ பென்ட்ரைவில எடுத்த கொப்பி.

மிச்சத்தைப் பற்றுச்சீட்டு அடிக்கட்டையளையும் அங்கத்தவரின்ர பாஸ்புத்தகங்களையும் வைச்சுத் திரும்ப அடிச்சம். ஒன்பது நாள். விதைப்பு நேரம் உரத்துக்குக் கடன் கேட்டு வந்த சனத்தை "கணக்கு இல்லை, பிறகு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பினன். அதுதான் இன்னும் மனதில குத்துது. இப்ப நிர்வாகசபையில இழுபறி: எல்லாத்தையும் கிளவுட்டுக்கு, அதாவது இன்ரநெற்றால வேற நிறுவனத்தின்ர சேர்வருக்கு, ஏத்துறதோ, புதுச் சேர்வர் வாங்கிறதோ?

பரந்தன்சந்தி:
தங்கச்சி, கிளவுட்தான். 2018 மார்கழி வெள்ளம் மறந்துபோச்சோ? இரணைமடு வான்கதவு திறக்க, விடியிறதுக்குள்ள எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி. அண்டைக்கு அந்த மேசைக்குக் கீழ சேர்வர் நிண்டிருந்தா? இடி, வெள்ளம், கள்ளன், கறையான், இவ்வளவும் இருக்கிற இடத்தில ஒரே பெட்டியை நம்பி ஆயிரம் பேரின்ர சேமிப்பை வைக்கிறது சரியில்லை.

குளக்கட்டு:
பரந்தன் அண்ணை, கிளவுட்டுக்குப் போக இன்ரநெற் வேணுமெல்லோ. 2022 பங்குனிக் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்கள். ரவர் பற்றரியும் இறங்கி, போனில சிக்னலே இல்லை. மேசையில இருக்கிற கணக்கை ஒரு சின்ன ஜெனரேற்றரைப் போட்டாலும் திறக்கலாம். அதோட பில் டொலரில வரும். அதே வருசம் 200 ரூபா டொலர் 360 ஆகினது. சங்கம் என்னத்தைக் கட்டுறது?

கிளவுட் எண்டாலும் எங்கயோ நிக்கிற கட்டடம்தான். 2021 மார்ச் 10 பிரான்ஸில ஸ்ட்ராஸ்பூர்க்கில ஓவிஎச் எண்ட கிளவுட் நிறுவனத்தின்ர டேற்றா சென்ரர், சேர்வர்கள் நிக்கிற கட்டடம், ஒண்டு முழுசா எரிஞ்சுது. பக்கப்பையும் அதே வளவில வைச்சிருந்தவைக்கு ரெண்டும் சாம்பல்.

பரந்தன்சந்தி:
அந்தக் கதை என்ர பக்கம்தான் நிக்குது. வேற ஊரில கொப்பி வைச்சிருந்தவை எழும்பிட்டினம். சொந்தக் கட்டடத்தை நம்பினா என்ன நடக்கும் எண்டதுக்குத் தென்கொரியாவைப் பாருங்கோ. 2025 செப்டெம்பர் 26 தேஜோனில அரசாங்கத்தின்ர சொந்த டேற்றா சென்ரரில பற்றரி தீப்பிடிச்சு, உத்தியோகத்தரின்ர கோப்புகள் 858 டெராபைற் போச்சு. வெளியில கொப்பி இல்லை.

குளக்கட்டு:
சரி, எங்கட நாட்டுக்கு வாறன். 2023 இல அரசாங்கக் கிளவுட்டில ரான்சம்வெயார், கோப்புகளைப் பூட்டிப்போட்டுக் காசு கேக்கிற வைரஸ், புகுந்தது. வைகாசி 17 இல இருந்து ஆவணி 26 வரைக்குமான மின்னஞ்சல்கள் திரும்பி வரேல்ல. இணைப்பிலயே இருந்த பக்கப்பும் சேர்ந்து பூட்டுப்பட்டது, கழட்டி வைச்ச கொப்பி இல்லை. நான் கேக்கிறது அதைத்தான்: வயரைக் கழட்டி அலுமாரிக்குள்ள வைக்கிற ஒரு டிஸ்க்.

ஒட்டுசுட்டான்காரி:
ரெண்டு பேரும் இடத்தைப் பற்றியே கதைக்கிறியள். தங்கச்சி முதல்ல நிர்வாகசபையிட்டக் கேக்கவேண்டியது ரெண்டு கேள்வி. எத்தனை நாள் பதிவு துலைஞ்சாத் தாங்குவம்? எத்தனை மணித்தியாலத்தில திரும்ப எழும்பவேணும்? ஒரு நாள் பதிவெண்டா ஒவ்வொரு பின்னேரமும் கொப்பி எடுக்கவேணும். சனம் உரக்காசுக்கு வாற நேரம் நாலு மணித்தியாலத்துக்கு மேல பூட்ட ஏலாதெண்டா, தயாரா இன்னொரு கொம்பியூட்டர் நிக்கவேணும். இதுக்கு விடை வந்தா எவ்வளவு செலவழிக்கிறது எண்டதும் வரும்.

மற்றது, திரும்ப ஏத்திப் பார்க்காத கொப்பியை நான் கொப்பி எண்டே எண்ணுறதில்லை. மென்பொருள் எழுதிறவை தங்கட நிரல்களை வைக்கிற கிற்லாப் நிறுவனத்துக்கு 2017 தை 31 நடந்தது: களைச்சுப்போன ஒரு பொறியியலாளர் பிழையான சேர்வரில டேற்றாபேஸை அழிச்சிட்டார். ஐஞ்சு விதமா பக்கப், நகல் எல்லாம் வைச்சிருந்தவை. நம்பி எடுக்க ஒண்டும் இல்லை. தினசரி பக்கப், அதை எடுக்கிற மென்பொருளின்ர பதிப்புப் பொருந்தாததால, கனநாளா எடுபடவே இல்லை. அதைச் சொல்லுற எச்சரிக்கை மின்னஞ்சலும் திருப்பி அனுப்பப்பட்டு ஒருத்தரின்ர கண்ணிலயும் படேல்ல. வேற ஒரு வேலைக்காக ஆறு மணித்தியாலத்துக்கு முன்னம் தற்செயலாக் கையால எடுத்த ஒரு பிரதிதான் காப்பாத்தினது. அவ்வளவு பெரிய நிறுவனம்.

எங்கட அம்மா 2009 இல காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் ஒரு சொப்பிங் பையில கட்டி இடுப்போட வைச்சிருந்தவ. அந்தப் பை கடைசியில தண்ணிக்க போச்சு. முந்தியே வவுனியாவில சித்தியிட்ட ஒரு போட்டோக்கொப்பிக் கட்டு குடுத்திருந்தவ. இண்டைக்கு அந்தக் காணியில நாங்கள் இருக்கிறது அதை வைச்சு எடுத்த மறுபிரதியால. இடுப்பில ஒண்டு, வேற ஊரில ஒண்டு. ரெண்டும் வேணும்.

குளக்கட்டு:
அக்கா, வேற ஊர்க் கொப்பிக்கு நான் எதிரில்லை. ஆனா அங்கத்தவரின்ர அடையாள அட்டை இலக்கமெல்லாம் பூட்டாமல், அதாவது சாவிச்சொல் இல்லாமல் வாசிக்கேலாதபடி மாத்தாமல், கிளவுட்டில ஏத்தக்கூடாது. பூட்டினாச் சாவிச்சொல்லைத் தாளில எழுதி, உறையில ஒட்டி, தலைவரிட்ட ஒண்டு, பொருளாளரிட்ட ஒண்டு. சாவிச்சொல்லும் அந்தச் சேர்வரிலயே கிடந்தா ஒண்டுக்கும் உதவாது. பாஸ்புத்தகத்தையும் விடாதேங்கோ. உங்களைக் காப்பாத்தினது அதுதான்.

பரந்தன்சந்தி:
நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. கையால டிஸ்க் மாத்திற வேலை மூண்டு கிழமை ஒழுங்கா நடக்கும். நாலாம் கிழமை ஆற்றையோ கலியாணம், ஐஞ்சாம் கிழமை மறந்துபோகும். அந்த வெளி டிஸ்க் யூஎஸ்பியிலயே தொங்கினது ஏனெண்டு நினைக்கிறியள்? தானா நடக்கிற ஏற்பாடுதான் நிலைக்கும்.

ஐப்பசிமழை:
எல்லாருக்கும் நன்றி. முடிவெடுத்திட்டம். புதுக் கொம்பியூட்டர், புது யூபிஎஸ். ரெண்டு வெளி டிஸ்க், வெள்ளிக்கு வெள்ளி மாத்தி ஒண்டு வவுனியாவில பொருளாளர் வீட்டில இருக்கும். இரவில பூட்டின கொப்பி தானாக் கிளவுட்டுக்குப் போகும். பரந்தன் அண்ணை சொன்னதுக்காக, டிஸ்க் மாத்தினவர் சுவரில தொங்கிற கலண்டரில கையெழுத்து வைக்கவேணும்.

ஒட்டுசுட்டான் அக்கா சொன்னபடி நேற்று ஒரு வெறும் லப்டொப்பில திரும்ப ஏத்திப் பார்த்தன். டேற்றாபேஸ் வந்தது, காசுத்தொகை சதம் பிசகேல்ல. ஆனா அங்கத்தவர் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் கிடந்தது. நெஞ்சு அடைச்சுப்போச்சு. அரைமணித்தியாலம் கழிச்சுத்தான் விளங்கினது: எங்கட பழைய மென்பொருள் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளைத் தமிழாக் காட்டுற பழைய எழுத்துரு, அது இந்த லப்டொப்பில இல்லை. மென்பொருளின்ர நிறுவல் கோப்பும் உரிம இலக்கமும்கூட பழைய சேர்வரில மட்டும்தான் இருந்தது. விற்ற பெடியனிட்ட திரும்ப எடுத்து, எழுத்துருவோட சேர்த்து ரெண்டு டிஸ்கிலயும் போட்டிட்டன். பெயர்கள் வந்திட்டுது. தொடக்கத்தில இருந்து முடிய மூண்டே முக்கால் மணித்தியாலம். அடுத்த ஒத்திகை தை மாதம், அப்ப நான் கிட்ட நிக்கமாட்டன், புதுசா வந்த பிள்ளை தனியச் செய்யவேணும்.