பொருள்: டெரெய்ன் மெஷ், எல்ஓடி – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

விமான சிமுலேட்டர்களில் கூடுதலாக நிறுவும் தரைத் தொகுதிகளுக்கான கையேட்டைத் தமிழாக்கும்போது இரண்டு சொற்களில் முட்டி நிற்கிறோம்: மெஷ், எல்ஓடி (லெவல் ஆஃப் டீடெய்ல்). முதலாவதற்கு 'நிலவலை', இரண்டாவதற்கு 'விவர மட்டம்' என்பது என் முன்மொழிவு.

மெஷ் என்பது தரையின் உயரப் புள்ளிகளைக் கோத்த வலை. மீன்வலையைப் போல இதிலும் கண்ணின் அளவுதான் எல்லாம். கண் பெரிதானால் சிறு குன்றும் ஓடைப் பள்ளமும் நழுவிப் போகும். எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) கணக்கில் எல்ஓடி 8 என்றால் புள்ளிகளுக்கு இடையே சுமார் 153 மீட்டர், 9 என்றால் 76, 10 என்றால் 38, 11 என்றால் 19. எண் ஒன்று ஏறினால் இடைவெளி பாதியாகும், புள்ளிகள் நான்கு மடங்காகும். ஆகவே புள்ளி இடைவெளிக்குக் 'கண்ணளவு' என்றே சொல்லலாம். 'கண்ணளவு 38 மீட்டர்' என்றால் யாருக்கும் விளங்கும்.

———

வணக்கம்.

> மெஷ் – நிலவலை

'நிலவு + அலை' என்றும் பிரிந்து படிக்கும். 'தரைவலை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை. இணையத்தைக் குறிக்கும் 'வலை'யோடும் மோதாது, முன்னொட்டு காப்பாற்றிவிடும். 'கண்ணளவு' அருமையான சொல். அதை அப்படியே வைத்துக்கொள்வோம்.

> எல்ஓடி – விவர மட்டம்

இதை ஏற்க முடியவில்லை. 'டீடெய்ல்' என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சொல்கிறார்கள். பயனர்கள் தவறான இடத்தில் கைவைப்பதற்கு இதுவே காரணம். மூன்றுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்தால் அந்தக் குழப்பத்தையும் சேர்த்தே மொழிபெயர்த்தவர்கள் ஆவோம்.

முதலாவது, கோப்புக்குள் இருக்கும் எண். தொகுக்கும்போதே பிஜிஎல் என்னும் எஃப்எஸ்எக்ஸ் தரைக் கோப்பில் பதிந்துவிடுவது. பயனர் மாற்ற முடியாது. இதற்கு 'நுணுக்கப்படி' பொருந்தும். ஒவ்வொரு எண்ணுக்கும் இடைவெளி பாதியாவதால் 'படி' என்பது உண்மையான நடப்பையே சொல்கிறது. 'மட்டம்' என்றால் தரையின் உயரமோ கடல்மட்டமோ என்று இதே துறையில் குழம்பும்.

இரண்டாவது, திரையில் எதுவரை காட்டலாம் என்ற அமைப்பு. எஃப்எஸ்எக்ஸ் அமைப்புகளில் மெஷ் ரெசல்யூஷன் ஸ்லைடர் 38 மீட்டரில் நின்றால், படி 11 கோப்பை நிறுவியிருந்தாலும் 19 மீட்டர் நுணுக்கம் வராது. 'காசு கொடுத்து வாங்கினேன், மலை மாறவேயில்லை' என்ற புகார்களில் பல இங்கேதான் முடிகின்றன. பக்கத்திலுள்ள மெஷ் காம்ப்ளெக்ஸிட்டியும் 100-இல் இருக்கவேண்டும். குறைந்தால் சிமுலேட்டர் முகடுகளை எளிமைப்படுத்திவிடும். இதற்கு 'நுணுக்க வரம்பு'.

மூன்றாவது, விமானத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் அந்த நுணுக்கம் நிலைக்கும் என்பது. அமைப்புக் கோப்பில் எல்ஓடி ரேடியஸ் என்று இருக்கும். திரையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று தெரிவது முறையே 2.5, 3.5, 4.5. இதற்கு 'நுணுக்க ஆரம்'. கோப்பைத் திறந்து 6.5 அல்லது அதற்கு மேல் ஏற்றுகிறவர்கள் உண்டு. தொலைமலைகள் கூர்மையாகத் தெரியும், உண்மைதான். ஆனால் ஆரம் கூடும்போது பரப்பு அதன் வர்க்கமாகக் கூடுகிறது. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். 64 பிட் விண்டோஸிலும் 4 ஜிபி முகவரிக்கு மேல் அதற்குக் கிடையாது. நீண்ட பயணத்தின் கடைசியில், தரையிறங்கும் நேரத்தில், நினைவகம் போதவில்லை என்று மூடிக்கொள்ளும். கணினியில் 32 ஜிபி ரேம் இருந்தாலும் இதே கதிதான்.

———

மூன்றாகப் பிரித்தது சரி. நான்காவது ஒன்றையும் சேர்க்கவேண்டும்: மூலத் தரவின் இடைவெளி. நுணுக்கப்படியும் இதுவும் ஒன்றல்ல.

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ராடாரால் தரையுயரத்தை அளந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவையே பாருங்கள். 3 வினாடிப் பதிப்பில் (இது நேரமல்ல, கோண அளவு; ஒரு பாகையில் 3600 வினாடி) நிலநடுக்கோட்டருகே புள்ளி இடைவெளி சுமார் 90 மீட்டர்; படி 9 அதற்குப் போதும். 1 வினாடிப் பதிப்பு சுமார் 30 மீட்டர். அதற்குப் படி 10, விரும்பினால் 11. ஆனால் 90 மீட்டர் தரவையே ரீசாம்பிள் என்னும் தொகுப்புக் கருவியில் போட்டுப் படி 11 என்று தொகுக்கவும் முடியும். கருவி தடுக்காது. படி 9-ஐப் போல 16 மடங்கு புள்ளிகள் உருவாகும், ஒரு புதிய குன்றுகூட முளைக்காது.

கோப்பு பெருப்பதோடு தீங்கு நிற்பதில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு தரைவலை இருந்தால், எஃப்எஸ்எக்ஸ் படி உயர்ந்ததையே எடுக்கும். சீனரி நூலகத்தின் (நிறுவிய தொகுதிகளின் பட்டியல்) வரிசை, படிகள் சமமாக இருந்தால்தான் பேசும். ஊதிப் பெருக்கிய படி 11 கோப்பு, உண்மையான படி 10 கோப்பை மறைத்துவிடும். நூலகத்தில் எத்தனை முறை மேலேற்றினாலும் பயனில்லை. ஊதிய கோப்பை முடக்குவதே வழி. எனவே 'மூல இடைவெளி' என்ற சொல்லையும் கையேட்டில் தனியாக வைத்து, இரண்டையும் அருகருகே குறிப்பிடச் சொல்வோம்: 'நுணுக்கப்படி 10, மூல இடைவெளி 30 மீட்டர்'.

———

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரின் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம். 'கண்ணளவு' எஃப்எஸ்எக்ஸ், அதன் வழிவந்த பிரிப்பேர்3டி வகைக்குப் பொருந்தும், ஏனென்றால் அங்கே வலை சீரான கட்டங்கள். எக்ஸ்-பிளேனின் டிஎஸ்எஃப் என்னும் தரைக் கோப்புகளில் தரை ஒழுங்கற்ற முக்கோணங்களால் ஆனது. சமவெளியில் பெரிய முக்கோணம், முகட்டில் நெருக்கமான சிறு முக்கோணங்கள். ஒற்றை எண்ணாகக் கண்ணளவு சொல்ல முடியாது. அங்கே 'முக்கோண நெருக்கம்' என்போம். 'தரைவலை' இரண்டுக்கும் பொது.

ஒரே இடத்துக்குப் பல தொகுதிகள் இருந்தால் எது வெல்லும் என்ற வரிசைக்கும் சொல் வேண்டும். எக்ஸ்-பிளேனில் சீனரி பேக்ஸ் கோப்பின் மேல்வரி வெல்லும். எஃப்எஸ்எக்ஸ் சீனரி கோப்பில் லேயர் எண் பெரியது வெல்லும், அது பெரும்பாலும் கோப்பின் அடியில் இருக்கும். நூலகச் சாளரத்திலோ அதுவே உச்சியில் தெரியும். ஆகவே 'மேலே வை, கீழே வை' என்று எழுதவே கூடாது. 'முதலுரிமை கூட்டு, குறை' என்று எழுதுவோம்.

எக்ஸ்-பிளேனில் ஒரு பாகை சதுரத்துக்கு ஒரே அடித்தரைதான் ஏறும். முதலுரிமை கூடியது மற்றவற்றை முழுதாக மறைக்கும். புதிய தொகுதியை நிறுவி அடுத்த முறை தொடங்கும்போது அதன் பெயர் தானாகவே முதல் வரியில் போய் உட்காரும். அது தரைவலைத் தொகுதி என்றால், அதற்குக் கீழே தள்ளப்பட்ட விமான நிலையங்களும் மேலடுக்குகளும் (தரைமேல் வைக்கும் சாலை, கட்டடம் போன்றவை) காணாமல் போகும். சிமுலேட்டரை மூடிவிட்டு, கோப்பைத் திறந்து, அந்த வரியைக் கடைசிக்கு நகர்த்தவேண்டும்.

———

'தரைவலை', 'கண்ணளவு', 'நுணுக்கப்படி', 'நுணுக்க வரம்பு', 'நுணுக்க ஆரம்', 'மூல இடைவெளி', 'முதலுரிமை' ஆகியவற்றுக்கு என் இசைவு. இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி.

விமான நிலையத்தின் அடியில் உயரத்தைத் தட்டையாக்கும் பலகோணம். எஃப்எஸ்எக்ஸில் நிலையம் முழுவதற்கும் ஒரே உயரம். புதிய தரைவலை சுற்றுப்புறத்தை 20 மீட்டர் உயர்த்தினால் ஓடுபாதை குழிக்குள் கிடக்கும், தாழ்த்தினால் மேடைமேல் நிற்கும். 'சமன்திட்டு' என்று ஒரு பரிந்துரை தனிமடலில் வந்தது. ஆனால் திட்டு என்றாலே மேடு என்ற எண்ணம் வரும். குழிக்கும் பொருந்த 'சமன்பரப்பு' நல்லது.

மற்றது, தரவில் உயரமே பதிவாகாத புள்ளிகள். செங்குத்து மலைச்சரிவுகளில் ராடார் நிழலால் இவை நிறைய. எஸ்ஆர்டிஎம் கோப்பில் இவற்றின் மதிப்பு -32768. தொகுக்கும் முன் நிரப்பாவிட்டால், அல்லது அந்த மதிப்பு வெற்று என்று கருவிக்கு அறிவிக்காவிட்டால், மலை நடுவே அடிகாணாப் பள்ளங்கள் தோன்றும். 'வெற்றிடம்' என்பதைவிட 'பொத்தல்' எனக்குப் பிடிக்கிறது. வலை என்று சொல்லிவிட்ட பிறகு அதுவே இயல்பு. 'பொத்தல் அடைத்தல்' என்று வினையாகவும் வளையும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையேல் வரைவில் சேர்த்துவிடுகிறேன்.