அவசரம்!! ட்ரோஜன் ரிமூவ் பண்ணாலும் திரும்ப வருது

கொளத்தூர்_குமரன்
வீட்டு சிஸ்டம்ல ட்ரோஜன்னு காட்டுது. ரிமூவ் அமுக்கினா போயிடுது, ரீஸ்டார்ட் பண்ணா மறுபடி வந்து நிக்குது. நாலு நாளா இதே கூத்து. நாளன்னைக்கு ஒரு கல்யாண ஆல்பம் குடுக்கணும், எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. யாராச்சும் ப்ளீஸ்.

டீக்கடை_பெஞ்ச்
எது காட்டுது ஜி? விண்டோஸ்லயே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரா, இல்ல பிரவுசர்ல பீப் பீப்னு கத்துற பக்கமா? ரெண்டாவதுன்னா அது வெறும் பூச்சாண்டி. அதுல இருக்கற நம்பருக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க.

அடையாறு_ஆலமரம்
தம்பி, எந்த விண்டோஸ், என்ன பேர் காட்டுது, எந்த ஃபோல்டர், எதுவும் சொல்லல. இங்க யாரும் கிளி ஜோசியம் பாக்கல.

ரிச்சி_ரவுண்ட்ஸ்
ஹார்ட் டிஸ்க் போகப் போகுதுன்னு அர்த்தம். ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டுங்க.

டீக்கடை_பெஞ்ச்
எதுக்கெடுத்தாலும் இவருக்கு எஸ்எஸ்டிதான் 😂

பென்குயின்_பித்தன்
விண்டோஸை விட்டுட்டு லினக்ஸுக்கு மாறிடுங்க. தலைவலியே இல்ல.

கொளத்தூர்_குமரன்
டிஃபெண்டர்தான். விண்டோஸ் 10. வகாடாக்னு ஏதோ பேரு, டெம்ப் ஃபோல்டர்ல. ஃபேன் ஷேர் ஆட்டோ மாதிரி கத்துது, என்ன ஓடுதுன்னு பாக்க டாஸ்க் மேனேஜர் தொறந்தா கப்புனு அடங்கிடுது. லினக்ஸ்ல ஆல்பம் சாஃப்ட்வேர் ஓடாது சார்.

அடையாறு_ஆலமரம்
விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சுது. டிஃபெண்டரை நம்பி என்ன பிரயோஜனம்?

நங்கநல்லூர்_நளினி
சார், டிஃபெண்டரோட வைரஸ் பட்டியல் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். ரெண்டும் வேற வேற.

குமரன், வகாடாக்னு சில சமயம் நல்ல ஃபைலையும் பிடிக்கும். ஆனா டாஸ்க் மேனேஜர் தொறந்தா அடங்குதுன்னா யாரோ உங்க கரண்ட் பில்லுல காயின் மைனிங் பண்றாங்க, அதாவது உங்க சிஸ்டத்தை ஓட்டி கிரிப்டோ காசு சேர்க்கறாங்க. பாக்கறாங்கன்னு தெரிஞ்சதும் பம்மிடும். கடைசியா என்ன இன்ஸ்டால் பண்ணீங்க?

கொளத்தூர்_குமரன்
மச்சான் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் போட்டான் மேடம், காசு குடுக்காத திருட்டு காப்பி. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுன்னு அதுலயே போட்டிருந்துச்சாம்.

அடையாறு_ஆலமரம்
இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?

நங்கநல்லூர்_நளினி
டெம்ப்ல மாட்றது குட்டிதான். தாய் வேற எங்கயோ உக்காந்து ஒவ்வொரு தடவையும் புதுசா போட்டுட்டிருக்கு. டிஃபெண்டரை அப்டேட் பண்ணிட்டு நெட்டைப் புடுங்குங்க. விண்டோஸ் செக்யூரிட்டி செட்டிங்ஸ்ல எக்ஸ்க்ளூஷன்ஸ்னு ஒண்ணு இருக்கும், டிஃபெண்டர் தேடாம விடற ஃபோல்டர் லிஸ்ட், கீழ வரை போனாதான் தெரியும். நீங்க சேர்க்காத ஃபோல்டர் அங்க இருந்தா அதான் தாய் வீடு. பேரைக் குறிச்சுக்கிட்டு லிஸ்ட்லேர்ந்து தூக்குங்க. அப்புறம் ஆஃப்லைன் ஸ்கேன். சிஸ்டம் தானா ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசா எழும்பறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும். முடிஞ்சதும் டாஸ்க் ஷெட்யூலர் பாருங்க, தானா ஓடற வேலையெல்லாம் அதுல இருக்கும். ஏதோ அப்டேட்னு பேர் வெச்சுக்கிட்டு அந்த ஃபோல்டரைக் கூப்பிடற டாஸ்க் இருந்தா டெலிட். தானா ஸ்டார்ட் ஆகற எல்லாத்தையும் காட்டற மைக்ரோசாஃப்டோட ஆட்டோரன்ஸ் இருந்தா இன்னும் சுளுவு.

போட்டோ ஃபைல் மட்டும் வெளிய காப்பி பண்ணுங்க, இன்ஸ்டாலர் ஒண்ணும் வேணாம். ஆல்பம் குடுத்ததும் ஃபார்மேட் பண்ணிடுங்க, எனக்கு கிராக் போட்ட மெஷின் மேல நம்பிக்கை கிடையாது. பாஸ்வேர்ட் எல்லாம் போன்லேர்ந்து மாத்துங்க, இந்த சிஸ்டத்துலேர்ந்து வேணாம். எல்லா டிவைஸ்லேர்ந்தும் லாக் அவுட் குடுங்க. பேங்க்ல காசு போயிருந்தா உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க.

டீக்கடை_பெஞ்ச்
மேடம் வைரஸ புட்டு புட்டு வெச்சுட்டாங்க 🙏

அடையாறு_ஆலமரம்
வைரஸ் தானா பரவும். ட்ரோஜன் பரவாது, நாமளே உள்ள விடணும். உள்ள ஆளை ஒளிச்சு வெச்சு ட்ராய் கோட்டைக்குள்ள போன மரக்குதிரை, அதான் பேரு. அடிப்படை.

மயிலை_மாறன்
நம்ம பெருங்கதைல வர்ற உதயணன் ராஜா கதையிலயே இருக்கே! உள்ள ஆள் ஒளிச்சு வெச்ச எந்திர யானைய விட்டுத்தான எதிரி ராஜா பிரச்சோதனன் அவனைப் பிடிச்சான். ட்ரோஜன் யானைன்னே சொல்லலாம்.

அடையாறு_ஆலமரம்
அது கோட்டைக்குள்ள போகல. உதாரணம் தப்பு.

மயிலை_மாறன்
அதனாலதான் பொருத்தம் சார். குதிரை வாசலுக்கு வந்துச்சு. யானைய அடக்கறேன்னு உதயணன் தானா தேடிப் போனான். கிராக் சாஃப்ட்வேரும் அப்படித்தான், யாரும் வீடு தேடி வந்து குடுக்கல.

பென்குயின்_பித்தன்
லினக்ஸ்ல குதிரையும் இல்ல யானையும் இல்ல.

அடையாறு_ஆலமரம்
லினக்ஸுக்கும் ட்ரோஜன் உண்டு. படிச்சுட்டு பேசவும்.

கொளத்தூர்_குமரன்
ரெண்டு நாள் ஆச்சு, சாரி. எக்ஸ்க்ளூஷன்ல புரோகிராம்டேட்டா உள்ள ஒரு ஃபோல்டர் இருந்துச்சு, தூக்கிட்டு ஸ்கேன் போட்டேன், மாட்டிக்கிச்சு. டாஸ்க்கும் இருந்துச்சு, டெலிட். ஃபேன் சத்தம் இல்ல. ஆல்பம் குடுத்தாச்சு. நன்றி மேடம்.

நங்கநல்லூர்_நளினி
சந்தோஷம். பாஸ்வேர்ட் மாத்தினீங்களா? ஃபார்மேட்?

நங்கநல்லூர்_நளினி
குமரன்?

ரிச்சி_ரவுண்ட்ஸ்
எதுக்கும் ஒரு எஸ்எஸ்டி போட்டுடுங்க.