காரைக்குடி ஓட்டம்: வழியில் வண்டியை மறித்தவர்கள்

அம்பாசடர் மார்க் 2, 1966

போன சனி, ஞாயிறு திருச்சியிலிருந்து கானாடுகாத்தான், காரைக்குடி வரை போய்வந்த நம்ம பழைய கார் ஓட்டத்துக்கு ஆளாளுக்குப் படம் போட்டாச்சு. திருமயம் கோட்டை முன்னாடி வரிசை கட்டி நின்ன படம், ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசல் படம், எல்லாம் பார்த்தாச்சு. வழியில் வண்டிகிட்ட வந்து பேசினவங்களைப் பற்றித்தான் ஒருத்தரும் எழுதலை. எனக்கு ஓட்டம்னா அதுதான். நான் ஆரம்பிக்கிறேன், மத்தவங்களும் அவங்கவங்க வண்டிப் பேரை மேலே போட்டு எழுதுங்க.

கிளம்பினதுலேருந்தே என் வண்டியில் மிஸ்ஸிங், என்ஜின் விட்டு விட்டு அடிச்சுது. மேட்டுல மிதிச்சா உதறல். கார்பரேட்டர்ல குப்பைன்னு ஒருத்தர், பெட்ரோல்ல தண்ணின்னு இன்னொருத்தர். கீரனூர்ல டீக்கு ஓரங்கட்டினேன். பெஞ்சில் ஒரு பெரியவர், எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும். கையில டம்ளரோட, "பாயின்ட்டு தேஞ்சிருக்கு தம்பி"ன்னார். நான் பானெட்டைக்கூடத் திறக்கலை. (பாயின்ட்டுன்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள்ள, ஸ்பார்க் வர கரண்டை விட்டு விட்டு வெட்டுற ரெண்டு சின்ன முனை.)

திருச்சி ஜங்ஷன்ல டாக்சி ஓட்டினவராம். முதல்ல லேண்ட்மாஸ்டர், அப்புறம் அம்பாசடர். "ஓனர் பேட்டரி வாங்கித் தரமாட்டான். தினம் காலையில ஹேண்டில் போட்டுத்தான் ஸ்டார்ட்டு"ன்னு சொல்லிக்கிட்டே வேட்டியை மடிச்சுக் கட்டிட்டார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோட ரெண்டு கிளிப்பையும் பார்க்காமலே தள்ளினார். தீப்பெட்டியோட உரசுற பக்கத்தைக் கிழிச்சு மடிச்சு, பாயின்ட் நடுவுல விட்டு நாலு இழு. அடுத்து என்னை முன்னாடி ஹேண்டிலைச் சுத்தச் சொன்னார். "மெதுவா... மெதுவா... நிறுத்து." பாயின்ட் முழுசா விரிஞ்ச இடம் அது. அதே தீப்பெட்டியோட மேல் அட்டையை இடுக்குல செருகி, ஸ்க்ரூவை முறுக்கிட்டு, "ம், எடு"ன்னார்.

எங்கிட்ட இடுக்கு அளக்கிற ஃபீலர் கேஜ் இருந்தது. அவர் டீயை முடிக்கப் போன நேரம் பார்த்து அளந்தேன். 15 தவ் தகடு, அதாவது அங்குலத்தை ஆயிரமாக்கினா அதுல 15 பங்கு, இருக்கவேண்டிய அளவுக்கே சரியா உட்கார்ந்தது. காரைக்குடி போய்த் திரும்புற வரைக்கும் ஒரு உதறல் இல்லை. காசு நீட்டினேன், முறைச்சார். டீக்குக் காசு கொடுக்க மட்டும் விட்டார்.

ஃபியட் 1100, 1955 (அப்பாவுடையது, ஓட்டுவது நான்)

எங்க வண்டியில் முன்கதவோட கீல் நடுத்தூண்ல இருக்கும், அதனால கதவு முன்பக்கமிருந்து திறக்கும். இப்போ அனேகமா யாரும் இப்படிச் செய்யறதில்லை, ஓடும்போது தாழ் விட்டா காத்தே கதவைப் பிடுங்கிடும். ஆனா புடவை கட்டினவங்க உட்கார இதைவிட வசதியான கதவு கிடையாது.

கானாடுகாத்தான்ல ஒரு வீட்டு முகப்புல ஆச்சி ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. நான் இறங்கினதைப் பார்த்துட்டு எழுந்து வந்து, கதவை ரெண்டு தரம் திறந்து மூடினாங்க. "எங்கய்யா வீட்டு வண்டியும் இப்படித்தான் ஆத்தா திறக்கும். பர்மாவுல இருந்து வந்த பணத்துல வாங்கினது"ன்னாங்க. பின்சீட்டுல ஏறி உட்கார்ந்தாங்க. அப்பா போட்டோ எடுக்கப் போனார், வேண்டாம்னு கையைக் காட்டிட்டாங்க. கால் மணி நேரம் பேச்சே இல்லை, வண்டியும் ஓடலை. இறங்கும்போது, "தலைப்பு கதவுல மாட்டும், பாத்துக்க" என்றாங்க. நான் போட்டிருந்தது ஜீன்ஸ்.

கிளம்பும்போது ஒரு டப்பா நிறைய சீப்புச் சீடை வந்தது. அப்பா ராத்திரியே பாதியைக் காலி பண்ணிட்டார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3

என் அனுபவம் கொஞ்சம் வலிக்கிற ரகம். புதுக்கோட்டைக்கு வெளியே பெட்ரோல் போட நின்றபோது, சைக்கிளில் வந்தவர் இறங்கி வண்டியைச் சுற்றி வந்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லப் போகிறார் என நினைத்தேன். பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சுண்டுவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "மேல சரியா இருக்கு. கீழ விரல் போகுது. யாரு சார் டிங்கரிங் பண்ணது?"

சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் பாடி பிரிவில் வேலை பார்த்தவராம். ஹெரால்டு இந்தக் கால வண்டிகளைப் போல ஒரே கூடு இல்லை. தனி சேஸிஸ், அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டுவார்கள். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி உட்கார வைப்பதுதான் அவருடைய பிரிவின் வேலை. "இடது பக்கம் பேக்கிங் ஒண்ணு வைக்காம விட்டிருக்காங்க. குனிஞ்சு பாருங்க."

பெட்ரோல் பங்க் தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் அங்கே இல்லை. பெயிண்டுக்கும் குரோமுக்கும் நான் அழுத தொகையை இங்கே எழுத விரும்பவில்லை. ஒரு ரப்பர் துண்டு!

நாலு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது, இங்கிலாந்துக்காரனே பண்ணவில்லை என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். தொழிற்சாலை மூடியதைப் பற்றிக் கேட்டேன். "அது கிடக்கட்டும்" என்று சைக்கிளை எடுத்துவிட்டார்.

ஒரே ஆறுதல், கானாடுகாத்தான் தெருவில் எல்லோரும் முன்னும் பின்னும் எடுத்துத் திணறியபோது நான் மட்டும் ஒரே ஒடிப்பில் திருப்பினேன். ஹெரால்டு சுற்ற 25 அடி போதும்.

மோரிஸ் மைனர்

சுருக்கமா சொல்லிடறேன். என் வண்டியில் இண்டிகேட்டர் லைட்டு இல்லை, கதவுத்தூண்ல இருந்து சிக்னலா நீட்டிக்கிற சின்னக் கை மட்டும்தான். பஸ்காரங்க கண்ணுக்கு அது தெரியாதுன்னு என் கையையும் வெளியே நீட்டினேன். நமணசமுத்திரம் அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்க்கத் திரும்பும்போது ரோட்டோரத்துப் பிள்ளைங்க எல்லாம் எனக்கு டாட்டா காட்டினாங்க. பின்னாடி வந்த பைக்காரனும் காட்டினான். வலது பக்கம் திரும்புறேன்னு புரிஞ்சுக்கிட்டு ஒதுங்கினது ஒரே ஒருத்தர், மாட்டுவண்டியில வந்த தாத்தா.

ஆஸ்டின் ஏ40 சாமர்செட்

திருமயம் தாண்டி மதியம் ஒரு மணிக்கு நின்னுடுச்சு. வழக்கமான வியாதிதான், என்ஜின் சூட்டில் பம்புக்குள்ள பெட்ரோல் ஆவியாகி ஏறமாட்டேங்குது. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இது கூடியிருக்குன்னு எனக்குத் தோணுது. பழைய ரப்பர் ஹோஸ் உப்பிப்போறது மட்டும் நிச்சயம், கண்ணால பார்த்திருக்கேன். எல்லாரும் எத்தனாலுக்குத் தாங்குற ஹோஸ் மாத்திடுங்க.

ஜல்லி ஏத்தின லேலண்ட் லாரி ஒண்ணு நின்னுது. டிரைவர் எதுவும் கேட்கலை. வாட்டர் கேன்ல துண்டை நனைச்சு வந்து பம்பு மேல சுத்தினார். ஆற வைக்கணுமேன்னு நின்னப்ப பேச்சுக் கொடுத்தேன். அசோக் மோட்டார்ஸ்னு 1948-ல ஆரம்பிச்சு, எண்ணூர்ல ஆஸ்டின் ஏ40 பூட்டிக்கிட்டிருந்த கம்பெனிதான் அப்புறம் அசோக் லேலண்ட் ஆச்சுன்னு சொன்னேன். மனுஷன் என் வண்டியைப் பார்த்தார், தன் லாரியைப் பார்த்தார். "அப்ப நம்ம வண்டிக்கு அண்ணன்னு சொல்லுங்க."

துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். "வெச்சுக்கங்கண்ணே, திருச்சிக்குள்ள இன்னொரு தடவை நிக்கும்"னார். நின்னுது.

அம்பாசடர் மார்க் 2, 1966

ஹெரால்டு அண்ணே, சைக்கிள்காரர் ஊர் எதுன்னு விசாரிச்சீங்களா? நம்மகிட்ட இன்னும் ரெண்டு ஹெரால்டு இருக்கு.

50 வருஷம் தாண்டின வண்டிக்கு வி.ஏ. நம்பர் (விண்டேஜ் வண்டிகளுக்கான தனி வரிசை) கட்டாயமான்னு ஒருத்தர் தனியா கேட்டிருந்தார். 2021 விதிப்படி புதுசாப் பதியறவங்களுக்குத்தான் 20,000 ரூபாயும் வி.ஏ. நம்பரும். ஏற்கெனவே பதிவுல இருக்கிற வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். எம்.எஸ்.னு ஆரம்பிக்கிற அந்தக் காலத்து நம்பரைத் தயவுசெய்து கழட்டிடாதீங்க, கீரனூர் பெரியவர் முதல்ல பார்த்தது அதைத்தான்.

அடுத்த ஓட்டத்துக்குப் பட்டியல் போடறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தடவை கொடியசைப்பு, பொன்னாடை, பேச்சுன்னு ஒன்றரை மணி நேரம் போச்சு. கீரனூர் டீக்கடைக்குப் பத்து நிமிஷம். ரெண்டையும் அப்படியே மாத்திப் போடுங்க.