மால்டா பக்கம் கோசோ தீவு, அம்மாவ கூட்டிட்டு ஒரு வாரம் தாங்குமா?

லாஸ்பேட்டை அக்கா:
தம்பி பாரிஸ்ல இருக்கான், செப்டம்பர்ல என்னையும் அம்மாவையும் வரச் சொல்லி அங்கேருந்து கோசோன்னு ஒரு தீவுக்கு போலாங்கறான், சத்தமே இல்லாத ஊராம். அம்மாவுக்கு முட்டி வலி, சைவம் வேற. வீக்கெண்ட்ல நம்ம பாண்டி ஒயிட் டவுன் பக்கம் கார் கூட போக முடியாத கூட்டத்த பாத்து பாத்து எனக்கு அமைதின்னா சரிதான், ஆனா ஒரு வாரம் அங்க என்ன பண்றது? விசா தனியா எடுக்கணுமா?

முத்தியால்பேட்டை:
விசா தனியா வேணாம்க்கா, மால்டா 2007லயே ஷெங்கன்ல (ஒரே விசால பல ஐரோப்பா நாட்டுக்குப் போற ஏற்பாடு) சேந்துடுச்சு, பிரான்ஸ் விசாவே போதும். மால்டா பெரிய தீவுல இருக்கற சிர்கெவ்வா துறைமுகத்துலேருந்து கோசோவுக்கு ஃபெர்ரி 25 நிமிஷம்தான், போறப்ப டிக்கெட் கேக்க மாட்டான், திரும்புறப்பதான் காசு. தீவே 67 சதுர கிலோமீட்டர், பஸ்ஸுங்க முக்கால்வாசி விக்டோரியா டவுனுக்கு வந்துதான் போகும், அதனால அங்கயே ரூம் போடுங்க. மதியம் கடைய சாத்திடுவாங்க, அது நம்ம பாண்டிக்காரங்களுக்கு புதுசா என்ன 😄 ஜிகன்தியா கோயில் பிரமிடுக்கும் முந்தினது, அம்மாவ கூட்டிட்டு போங்க. விக்டோரியா கோட்டை மட்டும் ஏத்தம், மெதுவா போகணும்.

கடலூர் ஓ.டி:
ஒரு வாரம் ஓவர், நாலு நாள் போதும். இன்டர்நெட்ல கடலுக்குள்ள பெரிய கல் வளைவு போட்டோ போட்டு ஆச காட்டுவானுங்க, அது 2017 மார்ச்லயே புயல்ல இடிஞ்சு விழுந்துடுச்சு, இப்ப இல்ல. ஆனா ஷ்வெய்னி உப்பளத்த விட்றாதீங்க. மரக்காணத்துல மண்ணுல பாத்தி கட்டுவாங்கல்ல, அங்க சுண்ணாம்புப் பாறையவே சதுரம் சதுரமா வெட்டி வச்சிருக்கான், கடல் தண்ணி வெயில்ல காஞ்சதும் தொடப்பத்தால கூட்டி குமிச்சு வைக்கிறாங்க. ரோட்டோரமே இருக்கு, நடக்க வேணாம்.
அப்புறம் சத்தமே இல்லன்னு யாரு சொன்னது? கோடைல ஊருக்கு ஊரு சர்ச் திருவிழா, காலைலயே வெடி போடுவான்.

லாஸ்பேட்டை அக்கா:
வெடின்னா அம்மாவுக்கு ஓகே, சாப்பாடுதான் பயம். ஊரு ஸ்பெஷலே முயல் கறின்னு தம்பி சிரிக்கிறான். குட்டி ரைஸ் குக்கர் எடுத்துட்டு போகவா?

முத்தியால்பேட்டை:
எடுத்துட்டு போங்க, கிச்சன் வச்ச வீடா பாருங்க. ஆட்டுப்பால் சீஸ் நல்லாருக்கும், ஆனா மூணு வேளையும் அதையேவா சாப்பிடுவாங்க? அங்க பிளக் இங்கிலாந்து மாதிரி மூணு சதுர பின், தம்பி வீட்டு பாரிஸ் அடாப்டர் செட்டாகாது, தனியா வாங்கிடுங்க.