உப்பளத்துப் பிள்ளைகளுக்கு 'பூமிக்கு உப்பு' பாடம்: உதவி தேவை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். தூத்துக்குடி பக்கம் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். 9 முதல் 12 வயது, 14 பிள்ளைகள், 40 நிமிடம். 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள், உப்பானது சாரமற்றுப்போனால் எதினால் சாரமாக்கப்படும்' என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:13-இல் மூன்று வாரமாக நிற்கிறேன். உப்பு சாரமற்றுப் போவதைப் பற்றி வாசித்ததுமே, "உப்பு எப்படி டீச்சர் கரிக்காமப் போகும்?" என்றான் ஒருவன். பாதிப் பேரின் பெற்றோர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்.

முதல் வாரம், சவக்கடல் பக்கத்து உப்பில் ஜிப்சமும் மண்ணும் கலந்திருக்கும், ஈரத்தில் உப்பு கரைந்து போனால் ருசியற்ற மிச்சம்தான் நிற்கும் என்று விளக்கினேன். தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் கல்லுப்பையும் மணலையும் துணியில் கட்டித் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். "மிச்சம் மணல்தானே, உப்பு தண்ணியோட போயிருச்சே" என்றாள் ஒரு சிறுமி. அவள் சொன்னது சரிதான்.

போன வாரம் கருவாடு, ஊறுகாய் என்று உப்பு கெடாமல் காப்பதைப் பேசினேன். ஆர்வமாகக் கேட்டார்கள். அப்புறம் ஒரு பிள்ளை, "எங்க அம்மா காலெல்லாம் உப்புல வெடிச்சிருக்கு" என்றது. அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. அந்த அம்மாவின் கஷ்டத்தைப் பார்க்காமல் தாண்டிப் போகும் பாடம் எனக்கு வேண்டாம்.

புளித்த மாவு உவமைக்கு இட்லி மாவைக் கொண்டுபோனபோது உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆகவே வீட்டுப் பொருளை வைத்துச் சொல்லும் முறை இவர்களுக்கு ஒத்துவருகிறது.

உப்பளத்து வேலையை உள்ளபடி அறிந்த பிள்ளைகளுக்கு, அவர்கள் பெற்றோரின் உழைப்பிலிருந்தே இந்த வசனத்தைத் தொடங்க என்ன வழி?